கிரீனி: 1959 லெஸ் பால் மேடையில் இருக்க வேண்டுமா, கண்ணாடிப் பெட்டியிலா?

பழந்தந்தி

மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹாமெட் கிரீனி என்ற பழைய கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடைக்கு வரும்போதெல்லாம் இணையத்தில் ஒரு கூட்டம் பதறுகிறது. வியர்வை படுகிறதே, கீழே விழுந்தால் என்ன ஆவது, இதைப் போய் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு சுற்றலாமா என்று. எனக்கு இதில் நேர் எதிரான கருத்து. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

இந்தக் கிதாரைத் தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாக. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில் 1959-ல் செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்ட் என்ற மின்கிதார். வரிசை எண் 9 2208. சன்பர்ஸ்ட் வண்ணத்தில் இந்த மாடல் 1958 முதல் 1960 வரை மட்டுமே வந்தது. மொத்தம் 1,500 ஒட்டித்தான் இருக்கும். அன்றைக்குச் சரியாக விலைபோகவில்லை. 1961-ல் கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டு, இரண்டு கொம்பு வைத்த மெல்லிய உடலுக்கு மாறிவிட்டது. இன்று எஸ்ஜி என்கிறோமே, அது.

அப்புறம் லண்டனில் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் எரிக் கிளாப்டன் ஒரு சன்பர்ஸ்ட் லெஸ் பாலை மார்ஷல் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகிச் சத்தத்தை ஏற்றி வைத்து வாசித்தார். பிரிட்டனில் பழைய லெஸ் பால்களுக்கு அலைச்சல் ஆரம்பித்தது அங்கிருந்துதான். 1966 கோடையில் கிளாப்டன் விலக, அந்த இடத்துக்கு வந்த 19 வயதுப் பையன் பீட்டர் கிரீன். அவர் கையில் இருந்தது இந்தக் கிதார். 1967-ல் ஃப்ளீட்வுட் மேக் குழுவை ஆரம்பித்தார். சந்தானாவின் பாட்டு என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கும் 'பிளாக் மேஜிக் வுமன்' கிரீன் எழுதியது. 1970 மே மாதம் குழுவை விட்டுப் போனார். மனநலம் குலைந்திருந்த காலம் அது. கிதாரும் சீக்கிரமே இன்னொரு கிதார்க் கலைஞர் கேரி மூர் கைக்குப் போனது. மூர் 2006 வரை வைத்திருந்தார். 2014-ல் ஹாமெட் வாங்கினார்.

நடுவில் ஒரு எட்டு ஆண்டு இருக்கிறது பாருங்கள், 2006-க்கும் 2014-க்கும் இடையில். அப்போது கிரீனி வியாபாரிகள், சேகரிப்பாளர்கள் கையில் இருந்தது. விலையைப் பற்றி நிறையப் பேச்சு வந்தது. ஒரு பாட்டு வந்ததா? என் கட்சி இதுதான்: கிரீனியை விலைமதிப்பில்லாததாக ஆக்கியது அதன் வயது இல்லை, மூன்று பேர் அதை வேலைக்கு எடுத்துக்கொண்டது. வேலையை நிறுத்தினால் கிடைப்பது நல்ல விலையுள்ள மேப்பிள் பலகை.

கமலா_பேஸ்

பழந்தந்தி அண்ணா, வழக்கம்போல எதிர்க்கட்சி நான்தான்.

வேலைக்கு எடுத்துக்கொண்ட கிதார்களுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். நீங்கள் சொன்ன அதே கிளாப்டனின் லெஸ் பால்? 1966-லேயே திருடு போனது. இன்றுவரை வெளிச்சத்துக்கு வரவில்லை. பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்கில் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ் கிதார் 1972-ல் லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு வேனுக்குள்ளிருந்து காணாமல் போனது. ஐம்பது வருஷம் கழித்து, ஒரு தேடல் குழு மெனக்கெட்டதால்தான் திரும்பிக் கிடைத்தது. ஜான் லெனனின் கிப்சன் ஜே-160ஈ கிதார் 1963 கடைசியில் காணாமல் போய், கலிஃபோர்னியாவில் யாரோ ஒருவர் அது யாருடையது என்றே தெரியாமல் பல ஆண்டு வாசித்துக்கொண்டிருந்தார். இவை எல்லாம் மேடைக்கும் வேனுக்கும் நடுவே அலைந்த கிதார்கள்தான்.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வுட்ஸ்டாக் இசை விழாவில் வாசித்த வெள்ளை ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார்) இன்று சியாட்டில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை டிக்கெட் எடுத்து உள்ளே போய் அதை ஒரு அடி தூரத்தில் நின்று பார்க்கலாம். கிரீனியை அந்தப் பிள்ளை எங்கே போய்ப் பார்க்கும்? மெட்டாலிகா டிக்கெட் விலை தெரியுமா உங்களுக்கு?

பழந்தந்தி

கமலா, ஹோஃப்னர் பேஸ் திரும்பி வந்த பிறகு மெக்கார்ட்னி என்ன செய்தார் என்பதையும் சொல்லியிருக்கலாம். 2024 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்க மேடையில் அதை எடுத்து வாசித்தார். 82 வயதில், திருடு போன அனுபவத்துக்குப் பிறகும். பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்று அவருக்கே தோன்றவில்லை.

இன்னொன்று. காட்சிக்கு வைத்தால் பத்திரம் என்பது எப்போதும் உண்மை இல்லை. டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட் 1986 முதல் 1997 வரை ஒரு பிரபல உணவகச் சங்கிலியின் டல்லாஸ் கிளைச் சுவரில்தான் இருந்தது. இரவலாகக் கொடுத்தது. திரும்பி வந்தபோது பெட்டி இல்லை, கோலமும் சரியில்லை. பிங்க் ஃப்ளாய்ட் மேடைகளில் பல வருஷம் படாத பாட்டை அது சுவரில் தொங்கியபடியே பட்டுவிட்டு வந்தது.

புதியவன்

எனக்கு ஒரு சந்தேகம், முட்டாள்தனமாக இருந்தால் மன்னிக்கவும். கிரீனியின் சத்தம் தனி என்கிறார்களே, அது உண்மையா? இல்லை பீட்டர் கிரீனின் விரல்தானா? அவர் ஏதோ பிக்கப்பை (தந்தி அதிர்வை மின்சைகையாக்கும் காந்தக் கருவி) தலைகீழாக மாட்டிவிட்டார், அதனால்தான் அந்த மூக்கால் அழுகிற மாதிரியான சத்தம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

வால்வ் சூடு

இந்தக் கதையைப் பலரும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கிரீனியின் கழுத்துப் பக்கப் பிக்கப்பைப் புகைப்படத்தில் பார்த்தாலே ஒன்று தெரியும். திருகு முனைகள் வழக்கமாகக் கழுத்தைப் பார்த்து இருக்க வேண்டும். இதில் பிரிட்ஜை, அதாவது தந்திகள் உடலில் ஏறி நிற்கும் பாலத்தை, பார்த்து இருக்கின்றன. கழற்றி மாட்டும்போது 180 டிகிரி திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சத்தம் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். தவறு. ஹம்பக்கரை (இரண்டு காயில், அதாவது கம்பிச் சுருள், உள்ள இந்த வகைப் பிக்கப்பை) அப்படியே திருப்பி வைத்தால் எந்த இடத்தில் தந்தியைக் கேட்கிறது என்பது ஒரு அங்குலத்துக்கும் குறைவாக நகரும், அவ்வளவுதான். ஃபேஸ், அதாவது சைகை ஏறி இறங்கும் திசை, மாறாது.

ஃபேஸ் மாற இரண்டே வழி. ஒன்று, பிக்கப்பிலிருந்து வரும் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் காந்தத்தின் துருவங்கள் இடம் மாற வேண்டும். கிரீனியில் நடந்தது இரண்டாவது. கேரி மூர் காலத்தில் அமெரிக்கக் கிதார்த் தயாரிப்பாளர் ஜோல் டான்சிக் அதைப் பிரித்துப் பார்த்தபோது கழுத்துப் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்தது தெரிந்தது. பழுது பார்த்தவர் கை வேலையா, கலமசூவிலிருந்து வரும்போதே அப்படியா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். நான் பழுதுபார்த்தவர் பக்கம். கழற்றி மாட்டப்பட்டது கண்ணுக்கே தெரிகிறது. காயிலைப் புதிதாகச் சுற்றப் பிரித்திருந்தால், உள்ளே காந்தமும் மாறிப் போவது எளிது.

சரி, காந்தம் மாறினால் என்ன? கழுத்துப் பிக்கப்பை மட்டும் போட்டால் ஒன்றும் இல்லை. பிரிட்ஜை மட்டும் போட்டாலும் ஒன்றும் இல்லை. சாதாரண லெஸ் பால்தான். சுவிட்சை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்துப் போடும்போதுதான் விஷயம். சாதாரணக் கிதாரில் இரண்டின் சைகையும் கூடும். இதில் ஒன்றிலிருந்து ஒன்று கழியும். ஒரு தந்தியின் கீழ்ச்சுருதி அதிர்வு இரண்டு பிக்கப் இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், அதனால் அது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். மேல் ஸ்வரச் சிதறல்கள் இரண்டு இடத்திலும் வேறு வேறாக இருப்பதால் அவை தப்பிக்கும். மிஞ்சுவது சதை இல்லாத, உள்ளே குடைந்த மாதிரியான குரல்.

இனித்தான் விரல் கணக்கு. இரண்டு வால்யூம் குமிழும் 10-ல் இருந்தால் சத்தம் ரொம்ப மெலிந்துவிடும், பாட்டுக்கு உதவாது. ஒன்றைக் கொஞ்சம் குறைத்தால் கழிவது குறைந்து உடம்பு திரும்பி வரும். எவ்வளவு குறைப்பது, எப்போது குறைப்பது, அங்கேதான் பீட்டர் கிரீன் இருக்கிறார். 1970 பிப்ரவரியில் பாஸ்டன் டீ பார்ட்டி அரங்கில் பதிவான கச்சேரி வெளியாகியிருக்கிறது, கேளுங்கள். ஒரே சோலோவுக்குள் குரல் மாறிக்கொண்டே போகும்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: கிதார் ஒரு கதவைக் காட்டியது. வேறு எந்த லெஸ் பாலிலும் இதே வேலையைச் செய்துகொள்ளலாம், பத்து ரூபாய் செலவில்லை. மேயால் குழுவில் அவர் வாசித்த முக்கியமான பதிவுகள் பலவற்றில் அந்த நடு நிலைச் சத்தமே கிடையாது, ஆனாலும் இரண்டு நொடியில் பீட்டர் கிரீன் என்று தெரியும். புளூஸ் மேதை பி.பி. கிங் தனக்கு வியர்க்க வைத்த ஒரே ஆள் என்று சொன்னது மனிதரைத்தான்.

பழந்தந்தி

வால்வ், "பத்து ரூபாய் செலவில்லை" என்பதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கிதார்க் கடைகளில் ஒட்ட வேண்டும்.

ஏலக்கடை

நான் கிதார் வாசிப்பதில்லை, ஏலங்களை மட்டும் தொடர்ந்து பார்ப்பவன். இந்த வாதத்தில் விலைப் பக்கம் யாரும் போகவில்லை என்பதால் வருகிறேன்.

பழைய சன்பர்ஸ்ட் லெஸ் பால் சந்தையில் ஒரு கணக்கு உண்டு. ஒரு கை கூடப் படாத மாதிரி இருக்கிற 1959 என்றால் கால் மில்லியன் டாலருக்கு மேல். தலைப்பகுதி ஒருமுறை உடைந்து ஒட்டியிருந்தால் ஏறக்குறைய பாதி போய்விடும். (லெஸ் பாலின் தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், ஒரே மகாகனி மரத்தில் செதுக்கியது, தாங்கியிலிருந்து பின்பக்கமாக விழுந்தால் அங்கேதான் போகும்.) பிக்கப் பிரித்திருந்தால் இன்னும் குறையும். ஃபிரெட் (விரல் பலகையில் பதித்த உலோகக் கம்பி) மாற்றியிருந்தால், குமிழ் மாற்றியிருந்தால், சுருதி முறுக்கி மாற்றியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டு.

கிரீனியை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் பழுது பார்த்திருக்கிறது. பிக்கப் பிரித்தாயிற்று, தப்பாக மாட்டியும் ஆயிற்று. குமிழ்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. சேகரிப்பாளர் அகராதிப்படி இது கழித்துக்கட்ட வேண்டிய கிதார். ஆனால் 2006-க்குப் பிறகு இதற்குக் கேட்ட விலை 20 லட்சம் டாலர் என்று பேசினார்கள். ஹாமெட் அதைவிட வெகு குறைவாகக் கொடுத்ததாகவே சொல்கிறார். அவர் கொடுத்தது எவ்வளவோ, கேட்ட விலை மட்டும் பெயர் தெரியாத சுத்தமான 1959-ஐவிடப் பல மடங்கு.

நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் வைத்திருந்த மார்ட்டின் டி-18ஈ கிதார் இன்னும் வேடிக்கை. அதுவும் 1959-ல் செய்தது. மொத்தம் 300 சொச்சம்தான் செய்தார்கள், காரணம் யாருக்கும் பிடிக்கவில்லை. நல்ல அக்குஸ்டிக் கிதாரின் மேல் பலகையில் துளை போட்டு மின்சாரப் பிக்கப்பும் குமிழ்களும் வைத்த அரைகுறை மாடல். 1993 நவம்பரில் நியூயார்க்கில் எம்டிவிக்காக வாசித்தபோது கோபேன் அதைக் கையில் வைத்திருந்தார். 2020 ஜூன் மாதம் ஜூலியன்ஸ் ஏலத்தில் ஒரு மில்லியன் டாலரில் ஆரம்பித்து, கமிஷன் சேர்த்து 60 லட்சத்துப் பத்தாயிரம் டாலரில் முடிந்தது. அன்றைய மதிப்பில் 45 கோடி ரூபாய்க்கு மேல். அதுவரை ஏலத்தில் எந்தக் கிதாரும் அந்த விலை போனதில்லை. வாங்கியவர் ரோட் மைக்ரோஃபோன் நிறுவனத்தை ஆரம்பித்த ஆஸ்திரேலியர் பீட்டர் ஃப்ரீட்மன். கிதாரோடு அதன் பெட்டியும் வந்தது. பாதி தீர்ந்த தந்தி உறையும், கோபேன் ஒட்டி வைத்திருந்த ஒரு பங்க் குழுவின் துண்டுப் பிரசுரமும் அதில் உண்டு. இந்தப் பொருள்களுக்கும் சேர்த்துத்தான் ஆள்கள் கையைத் தூக்கினார்கள்.

அதனால் பழந்தந்தி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வாசித்ததற்குத்தான் விலை. ஆனால் அந்த விலையை யாரோ ஒருவர் கொடுத்த மறுநாளிலிருந்து காப்பீட்டு நிறுவனமும் ஒரு பங்காளி ஆகிவிடுகிறது. அவர்களிடம் போய் "மெட்டாலிகா மேடையில் நெருப்பு விடுவார்கள், பக்கத்தில் நின்று வாசிப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

நள்ளிரவு ரிஃப்

எல்லோரும் விலை, காந்தம் என்று பேசுகிறீர்கள். பீட்டர் கிரீன் என்ற மனிதரைப் பற்றி யாரும் பேசவில்லை. மனநிலை சரியில்லாத ஒருவரிடமிருந்து நூறு பவுண்டு சொச்சத்துக்கு ஒரு கிதாரை வாங்கிக்கொண்டு போய், முப்பத்துச் சொச்சம் வருஷம் கழித்துப் பெரும் தொகைக்கு விற்றார்கள். அவர் கடைசிக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாராவது கேட்டீர்களா? இதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

பழந்தந்தி

ரிஃப் தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் கேரி மூரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் அவர் சொன்ன கதையைக் கேளுங்கள்.

மூர் பெல்ஃபாஸ்ட் பையன். ஸ்கிட் ரோ குழுவில் இருந்தபோது அவரைக் கவனித்து, அந்தக் குழுவுக்குப் பதிவு ஒப்பந்தம் கிடைக்க உதவியவரே பீட்டர் கிரீன்தான். கிரீன் முதலில் கிதாரை இரவலாகக் கொடுத்தார். அப்புறம், நீயே வாங்கிக்கொள்ளேன் என்றார். அவ்வளவு பணம் என்னிடம் இல்லையே என்று மூர் சொல்ல, உன் எஸ்ஜியை விற்று என்ன கிடைக்கிறதோ அதைக் கொடு, கிதார் கிதாராகக் கைமாறியது போல ஆகிவிடும் என்றாராம். விற்ற பணத்தைக் கொண்டுபோனபோது அதையும் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை. தான் வாங்கிய விலை வந்தால் போதும் என்றுவிட்டார். கிதார் நல்ல கைக்குப் போக வேண்டும் என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை.

அந்தக் காலத்தில் கிரீனுக்குப் பணம் என்றாலே ஆகாது. ஃப்ளீட்வுட் மேக் சம்பாதிப்பதை எல்லாம் தர்மத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று குழுவினரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். அதை நோயின் அறிகுறி என்று எடுத்துக்கொள்வதா, மனிதரின் குணம் என்று எடுத்துக்கொள்வதா, உங்கள் இஷ்டம். நான் இரண்டும் கலந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மூர் 1995-ல் கிரீன் பாட்டுகளை மட்டும் வைத்து, அதே கிதாரில் ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தார். 2006-ல் விற்றதும் ஆசைப்பட்டு அல்ல. கையில் அடிபட்டுக் கச்சேரிகளை ரத்து செய்து, பண நெருக்கடியில் மாட்டியிருந்தார். 2011-ல் போய்விட்டார்.

நள்ளிரவு ரிஃப்

அது மூர் சொன்ன கதை, அண்ணா. கிரீன் சொன்ன கதை இல்லை. மூரைக் கெட்டவர் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் 2006-க்குப் பிறகு ஒவ்வொரு கைமாறலிலும் நடுவில் நின்றவர்கள் சம்பாதித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்தவருக்கு அதில் ஒரு பைசா இல்லை. ஓவியங்களுக்காவது பிரிட்டனில் மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். வாசித்தவனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

ஏலக்கடை

ரிஃப் சொல்வது நியாயமான கேள்வி. இசைக்கலைஞர்களே முன்வந்து விற்கும்போது கதை வேறு. கிளாப்டன் 1970-ல் நாஷ்வில்லில் ஒரு கடையில் பழைய ஸ்ட்ராட்டுகளை மொத்தமாக வாங்கினார். மூன்றை ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் மூவருக்கும் கொடுத்துவிட்டு, மிச்சம் மூன்றைப் பிரித்து நல்ல பாகங்களை ஒன்றாகக் கோத்தார். அதுதான் 'பிளாக்கி'. 2004-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. பணம் முழுக்க ஆன்டிகுவாவில் அவர் ஆரம்பித்த போதை மீட்பு மையத்துக்கு. கில்மர் 2019-ல் தன் கிதார்களை விற்றபோது கறுப்பு ஸ்ட்ராட் மட்டும் 39,75,000 டாலர், மொத்தம் 2 கோடியே 14 லட்சத்துக்கு மேல். அத்தனையும் ClientEarth என்ற பருவநிலைச் சட்ட அமைப்புக்கு.

மட்டுறுத்துநர்

ஏலக்கடை, தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம். கிளையண்ட் எர்த் என்று எழுதலாமே. மற்றபடி இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

கமலா_பேஸ்

ஏலக்கடை சொன்ன பிளாக்கி எனக்கு வேறு ஒரு கேள்வியைத் தருகிறது. மூன்று கிதாரின் பாகங்களைக் கோத்த ஒன்றை "அசல்" என்று எப்படிச் சொல்வது? கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டும் அப்படித்தான். கழுத்து எத்தனை முறை மாறியது, பிக்கப் எத்தனை முறை மாறியது என்று பட்டியலே இருக்கிறது. 1970-ல் நியூயார்க் மேனீஸ் கடையில் வாங்கியதில் என்ன மிச்சம்? உடல் மரம்தானே?

கிரீனியாவது மேல் பலகை, கழுத்து, பிக்கப் எல்லாம் அதே. அதனால்தான் அதைப் பாதுகாக்க வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு உலகச் சுற்றிலும் ஃபிரெட் தேயும், மாற்றுவார்கள். குமிழுக்கு உள்ளே இருக்கும் 'பாட்' (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) கரகரக்கும், மாற்றுவார்கள். முப்பது வருஷம் கழித்து நம் கையில் இருப்பது என்ன?

ஈட்டிமரம்

மரம் பக்கமிருந்து ஒரு குறுக்கீடு. (மர வியாபாரக் குடும்பம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சன்பர்ஸ்ட் லெஸ் பாலை அடையாளம் காண வரிசை எண்ணைவிட நம்பகமானது மரம்தான். மேல் பலகை மேப்பிளில் இருக்கும் வரிகள் இரண்டு மரத்தில் ஒன்றுபோல இருக்காது. இரண்டு துண்டு பலகை நடுவில் சேரும் விதம், ஒரு கனிமக் கீற்று, வரிகள் வளையும் கோணம், எல்லாம் கைரேகை. பழைய மேடைப் புகைப்படத்தையும் இன்றைய கிதாரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் இது அதுதான் என்கிறார்கள். எண்ணை யாரும் போலியாக அச்சிடலாம், சன்பர்ஸ்ட்டில் அது வெறும் மை முத்திரைதான். லெனனின் ஜே-160ஈயையும் மர ரேகை பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். 2015-ல் 24 லட்சத்துப் பத்தாயிரம் டாலருக்குப் போனது.

கிரீனியின் விரல் பலகை பிரேசில் ரோஸ்வுட். 1992-ல் அந்த மரத்தைச் சர்வதேச வணிகத் தடையின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த மரம் உள்ள பழைய கிதாரோடு எல்லை தாண்ட வேண்டுமானால் கையில் காகிதம் வேண்டும். ஊர் ஊராகச் சுற்றும் கிதாருக்கு வியர்வையைவிடச் சுங்கச் சாவடிதான் பெரிய ஆபத்து என்பது என் கட்சி.

பிரேசில் மரம் கிடைப்பது கடினமானபோது அமெரிக்கர்கள் எங்கே வந்தார்கள் தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரத்துக்கு. மார்ட்டின் நிறுவனம் 1969-லேயே மாறிவிட்டது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அதிகாரிகள் கிப்சன் ஆலைகளில் சோதனை போட்டபோது கைப்பற்றியதில் இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலி விரல் பலகைத் துண்டுகளும் உண்டு. முழுதாக வேலை முடிக்காத மரத்தை ஏற்றுமதி செய்ய இந்தியச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதுதான் வழக்கு. அடுத்த ஆண்டு மடகாஸ்கர் கருங்காலி விஷயத்தில் மூன்று லட்சம் டாலர் அபராதம் கட்டி கிப்சன் சமாதானமாகப் போனது. இந்திய மரம் திரும்பக் கிடைத்தது.

வால்வ் சூடு

கமலா கேட்டதற்கு: ஃபிரெட்டும் அந்தப் 'பாட்' பாகமும் தேயும் பொருள்கள், தேய்வதற்கென்றே வைத்தவை. எழுபது வருஷம் பழைய வீணைக்கு மெழுகு புதிதாக வைத்து மேளம் கட்டினால் அது வேறு வீணை ஆகிவிடுமா? காயிலும் காந்தமும் மேப்பிளும் இருக்கும்வரை அது கிரீனிதான்.

உண்மையில் எனக்குப் பயம் வாசிப்பதில் இல்லை, ஏற்றி இறக்குவதில்தான். பழைய லெஸ் பால்களுக்குத் தலை உடைவது பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. பெட்டி விழுகிறது, உள்ளே கிதார் குலுங்குகிறது, தலை போகிறது.

கமலா_பேஸ்

வீணையை இழுத்துவிட்டீர்கள், இனி உங்களோடு வாதாட முடியாது. :)

சரி, எனக்குப் பிடித்த முடிவு ஒன்றைச் சொல்கிறேன். ஐரிஷ் கிதார்க் கலைஞர் ரோரி கேலகரின் 1961 ஸ்ட்ராட். 1963-ல் அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு கடையில் 100 பவுண்டுக்குக் கடனில் வாங்கினார். வாழ்நாள் முழுக்க அதையே வாசித்து வண்ணம் எல்லாம் உரிந்து வெறும் மரம் தெரிந்தது. டப்ளினில் ஒருமுறை திருடு போய்ப் பள்ளத்தில் கிடந்து கிடைத்தது. அவர் இறந்து முப்பது வருஷம் ஆகப்போகிற நேரத்தில், 2024 அக்டோபரில் குடும்பத்தார் லண்டன் பான்ஹம்ஸில் ஏலம் விட்டார்கள். ஊரை விட்டுப் போகக்கூடாது என்று அயர்லாந்தில் மக்கள் பணம் திரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் 8,89,400 பவுண்டுக்கு வாங்கிய ஐரிஷ் கச்சேரி நிறுவனம் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டது. வாசிக்க வேண்டியவர் வாசித்து முடித்துவிட்டார். பிறகு ஊர்ச் சொத்து ஆகிவிட்டது. இது எனக்குச் சரியாகப் படுகிறது.

பழந்தந்தி

கேலகர் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அது ஒரே ஆளின் கிதார். அவர் உடம்பே அதில் தேய்ந்திருக்கிறது. இன்னொருவர் அதை மாட்டிக்கொண்டு நின்றால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

கிரீனி அப்படி இல்லை. கிரீனே அதைக் கைமாற்றிக் கொடுத்தார். 2020 பிப்ரவரியில் லண்டன் பலேடியம் அரங்கில் ஃப்ளீட்வுட் மேக் குழுவின் மிக் ஃப்ளீட்வுட் பீட்டர் கிரீனுக்காக ஒரு கச்சேரி நடத்தினார். ஹாமெட் இதே கிதாரோடு வந்து 'கிரீன் மனலிஷி' வாசித்தார். அந்தப் பாட்டை எழுதியவர் அப்போது உயிரோடு இருந்தார், அதே ஆண்டு ஜூலையில்தான் போனார். ஹாமெட்டின் வாசிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். வா-வா பெடல் (சத்தத்தைக் குழைக்கும் மிதிகருவி) கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனால் சந்தித்த கிதார்க்காரர்களிடம் எல்லாம் அதைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார் பாருங்கள், அதற்காக மன்னிக்கலாம்.

நள்ளிரவு ரிஃப்

"ஹாமெட்டின் வாசிப்பு பிடிக்காது" என்று இங்கே எழுதிவிட்டுத் தைரியமாகத் தூங்கப் போவீர்களா அண்ணா?

புதியவன்

கடைசியாக ஒரு கேள்வி. 2023-ல் கிப்சன் கிரீனி நகல் போட்டார்கள், 3,199 டாலர். கிப்சனின் மலிவு பிராண்டான எபிஃபோன் போட்ட நகல் அதில் பாதி விலைக்கு வந்தது. என்னிடம் ஏற்கெனவே ஒரு சாதாரண எபிஃபோன் லெஸ் பால் இருக்கிறது. நகலை வாங்கலாமா, இல்லை வால்வ் அண்ணா சொன்ன மாதிரி காந்தத்தைத் திருப்பிப் பார்க்கலாமா? எப்படிச் செய்வது?

வால்வ் சூடு

பணத்தை வைத்திரு தம்பி. இருக்கிற கிதாரில் செய்யலாம்.

கழுத்துப் பிக்கப்பைக் கழற்று. மேல் மூடி பற்றவைத்திருந்தால் இரண்டு பக்கமும் ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும், அங்கே அவசரப்படாதே. முடியைவிட மெல்லிய கம்பி உள்ளே இருக்கிறது, அறுந்தால் பிக்கப் காலி. அடித்தகட்டில் நான்கு சின்னத் திருகுகள் இருக்கும். முழுக்கக் கழற்றாமல் தளர்த்து. இரண்டு காயிலுக்கும் கீழே நடுவில் ஒரு பட்டைக் காந்தம் தெரியும். மெழுகில் தோய்த்த பிக்கப்பாக இருந்தால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வராது, ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டு. பக்கவாட்டில் தள்ளி வெளியே எடு. அதன் ஒரு நீள விளிம்பு திருகு முனைகள் பக்கம் இருக்கும், எதிர் விளிம்பு மற்ற வரிசை பக்கம். அந்த இரண்டு விளிம்பும் இடம் மாறும்படி திருப்பி உள்ளே விடு. எடுக்கும் முன் மார்க்கரால் ஒரு விளிம்பில் கோடு போட்டுக்கொள், இல்லையென்றால் கையில் சுற்றியதில் குழம்பிவிடும்.

கம்பியை மாற்றிப் போட்டால் போதுமே என்று யாராவது சொல்வார்கள். பழைய பாணி ஒற்றைக் கம்பி, வெளியே பின்னிய உலோக உறை உள்ள பிக்கப்பில் அதைச் செய்யாதே. மூடி முழுக்கச் சைகையோடு சேர்ந்துகொள்ளும், தொட்டால் இரையும். நான்கு கம்பி வெளியே வரும் பிக்கப் என்றால் தாராளமாகச் செய்யலாம், இழுத்துத் தள்ளும் பாட் ஒன்று போட்டால் வேண்டும்போது மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மாட்டிய பிறகு சுவிட்சை நடுவில் வைத்து, கழுத்து வால்யூமை 10-லும் பிரிட்ஜ் வால்யூமை 8 பக்கத்திலும் வைத்து ஆரம்பி. சுத்தமான சத்தத்தில் கேட்டு ஏமாந்துவிடாதே, ஆம்ப் கொஞ்சம் கொதிக்க வேண்டும்.

புதியவன்

நன்றி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறேன். கம்பி அறுந்தால் இங்கேதான் வந்து அழுவேன்.